விசிறி வேண்டாம்!

ஒரு ராத்திரி. மணி பதினொன்றரை இருக்கும். மறுநாள் காலை கொடுத்தாக வேண்டிய கட்டுரையை அடித்துக்கொண்டிருந்தேன். பட்டென்று கரண்ட் போய்விட்டது.

தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த சீலிங் ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. ஃபிரிட்ஜ் அடங்கியது. பக்கத்து வீட்டு ஏ.சி. ஓய்ந்தது. யு.பி.எஸ். புண்ணியத்தில் கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு இருந்தது. அந்த இருட்டில்தான் அது என் காதில் விழுந்தது. மேஜைக்கு அடியில் ஏதோ ஒன்று, தூரத்து மாவு மில் மாதிரி, உர்ர்ரென்று உறுமிக்கொண்டே இருந்தது.

புதுச் சத்தமில்லை. கம்ப்யூட்டர் வாங்கிய நாள்முதல் இருந்ததுதான். மற்ற சத்தங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால் போச்சு. அப்புறம் கரண்ட் வந்தாலும் கேட்கும். ஒரு வரி எழுதினால் கேட்கும், எழுதாவிட்டால் இன்னும் நன்றாகக் கேட்கும்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். பெட்டியின் பின்பக்கம் காதை வைத்தார். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சார். வேற ஒண்ணும் இல்லை."

"சத்தமே போடாத எஸ்.எம்.பி.எஸ். கிடையாதா?"

சிரித்தார். "ஃபேன் இல்லாம எஸ்.எம்.பி.எஸ்.ஸா? வெந்து போயிடும் சார்."

எஸ்.எம்.பி.எஸ். யாரென்று தெரியும் இல்லையா? கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால், கரண்ட் ஒயர் போய்ச் சொருகுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் தகர டப்பா. பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, உள்ளே இருக்கும் சில்லுகளுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற மகானுபாவர். ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை என்பதன் சுருக்கம்தான் நம் ஊர் எஸ்.எம்.பி.எஸ்.

மெக்கானிக் சொன்னதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் சரித்திரம் கொஞ்சம் குறும்புக்கார ஆசாமி. இன்றைக்கு எந்த டப்பாவிலிருந்து இந்தச் சத்தம் வருகிறதோ, அந்த டப்பா ஆப்பிள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததற்குக் காரணமே, விசிறிச் சத்தம் கூடாது என்று ஒரு மனிதர் பிடித்த பிடிவாதம்தான்.

*

1976. கலிஃபோர்னியா. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வயது இருபத்தொன்று. அவரும் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் சேர்ந்து செய்த முதல் ஆப்பிள் கம்ப்யூட்டர் வெறும் போர்டாகத்தான் விற்றது. டிரான்ஸ்ஃபார்மர், கீபோர்டு, பெட்டி எல்லாம் வாங்குகிறவர் பாடு. அடுத்த மெஷின் அப்படி இருக்கக்கூடாது என்று நினைத்தார் ஜாப்ஸ். மிக்ஸி, டோஸ்டர் மாதிரி வீட்டுக்குக் கொண்டு போய், பிளக்கில் சொருகி, உடனே உபயோகிக்க வேண்டும்.

கூடவே ஒரு நிபந்தனை. உள்ளே விசிறி இருக்கக்கூடாது. ஜாப்ஸுக்கு ஜென் பௌத்தத்தில் ஈடுபாடு. உறுமிக்கொண்டே இருக்கிற ஒரு பொருளின் முன்னால் உட்கார்ந்து எப்படி மனத்தைக் குவிப்பது?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் செய்வது? வாஸ்னியாக் மேதை. ஆனால் அவருடைய மேதைமை எல்லாம் சில்லுகளோடு. பவர் சப்ளை என்கிற விஷயத்தில் அவருக்குச் சுவாரஸ்யமே கிடையாது. ஜாப்ஸ் நேராகத் தன் பழைய கம்பெனியான அடாரிக்குப் போனார். அங்கே ஆல் ஆல்கார்ன் இருந்தார். 'பாங்' என்கிற வீடியோ விளையாட்டை உருவாக்கியவர். அவர் கைகாட்டிய ஆள்தான் ராட் ஹோல்ட்.

ஹோல்ட்டுக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. விடாமல் சிகரெட் பிடிப்பவர். மோட்டார் சைக்கிள் பிரியர். அரசியலில் தீவிர மார்க்ஸிஸ்ட். எனக்குச் சம்பளம் ஜாஸ்தி தம்பி, ஒரு நாளைக்கு 200 டாலர் என்று சொல்லிப் பார்த்தார். பணம் ஒரு பிரச்னையே இல்லை என்றார் ஜாப்ஸ். கையில் பைசா இல்லாதவர்களுக்கே உரிய தைரியம்! ஹோல்ட் சிக்கிக்கொண்டார். பின்னால் ஆப்பிளின் ஐந்தாம் நம்பர் ஊழியராகவும் ஆனார்.

ஹோல்ட் செய்தது என்ன? அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், பவர் சப்ளை ஏன் சூடாகிறது என்று பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள். நான் பி.காம். எனக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியாமல் போகாது.

ஒரு குடம் இருக்கிறது. அதில் தண்ணீர் எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு வழி, குழாயைத் தாராளமாகத் திறந்து விட்டு, குடத்துக்கு மிஞ்சியதை வழியவிட்டுவிடுவது. அளவு சரியாக இருக்கும். ஆனால் பாதித் தண்ணீர் சாக்கடைக்கு. அந்தக் கால பவர் சப்ளைகள் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்தன. செங்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும். மிஞ்சியதை இன்னொரு பாகம் எரித்துத் தீர்க்கும். வாங்கிய மின்சாரத்தில் பாதி வரைகூட வெறும் சூடாகப் போய்விடும்.

இன்னொரு வழி, குழாய் பக்கத்திலேயே நின்று, தேவைப்படும்போது மட்டும் படக்கென்று திறந்து படக்கென்று மூடுவது. சிந்தாது, சிதறாது. ஆனால் மனிதக் கையால் ஆகிற காரியமா? டிரான்ஸிஸ்டரால் ஆகும். நொடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடும். இந்த ஸ்விட்ச் போடும் வேலைதான் பெயரிலேயே இருக்கிற ஸ்விட்ச்டு மோட். இவ்வளவு வேகத்தில் திறந்து மூடுவதால் டிரான்ஸ்ஃபார்மரும் சின்னதாகிவிடும். செங்கல், தீப்பெட்டியாகும்.

ஹோல்ட் இந்த இரண்டாவது வழியில் போனார். ஆப்பிள் 2-வுக்காக அவர் செய்த பவர் சப்ளை 38 வாட்ஸ். கீபோர்டுக்கு இடது பக்கம், பெட்டிக்குள் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. சூடு குறைவு. ஆகவே விசிறி தேவைப்படவில்லை. 1977 ஏப்ரலில் சான்ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஆப்பிள் 2 அறிமுகமானபோது, அது பேசாமல் வேலை பார்க்கிற மெஷினாக இருந்தது.

இந்த வரிசையைக் கொஞ்சம் மனத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சூட்டைக் குறைத்தார்கள். பிறகு விசிறியை எடுத்தார்கள்.

*

இங்கே ஒரு சின்னப் பஞ்சாயத்து இருக்கிறது. அதையும் தீர்த்துவிடலாம்.

2011-ல் வால்டர் ஐஸக்ஸன் எழுதிய ஜாப்ஸின் வாழ்க்கை வரலாறு வந்தது. அதில் ஜாப்ஸ், இன்றைக்கு எல்லாக் கம்ப்யூட்டர்களும் ராட் ஹோல்ட்டின் டிசைனைத்தான் காப்பியடிக்கின்றன, அவருக்குச் சரித்திரத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை என்கிற அர்த்தத்தில் ஆதங்கப்பட்டிருந்தார். நெகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் உண்மையா?

கென் ஷிரிஃப் என்கிற அமெரிக்க எஞ்சினியர் 2012-ல் பழைய ஆவணங்களை எல்லாம் கிண்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொன்னார். ஸ்விட்ச்டு மோட் சமாசாரம் ஹோல்ட்டுக்கு முன்பே விண்வெளித் துறையில் இருந்தது. பெரிய கம்ப்யூட்டர்களில் இருந்தது. ராபர்ட் பாஷர்ட் என்று ஒருவர், வேலையை விட்டுவிட்டு, 1970-ல் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் இதைச் செய்ய ஆரம்பித்துப் பெரிய கம்பெனியாகவே வளர்த்திருந்தார். மின்சாரத்தைத் தாங்கக்கூடிய வேகமான டிரான்ஸிஸ்டர்கள் எழுபதுகளில் விலை இறங்கியதுதான் நிஜமான புரட்சி.

அப்படியானால் ஹோல்ட் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தார். அவர் டிசைனுக்கு 1978 டிசம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. ராணுவத்துக்கும் ராட்சச மெஷின்களுக்கும் என்று இருந்த ஒரு விஷயத்தை, வீட்டு மேஜைமேல் வைக்கிற விலைக்குள் கொண்டுவந்தார். அந்தப் பெருமை அவருக்குப் போதும். ஜாப்ஸ் தூக்கிக் கொடுத்த அளவுக்குப் பெரிய கிரீடம் அவசியமில்லை.

*

ஜெயித்த மனிதனுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து, தான் ஏன் ஜெயித்தோம் என்று மறந்துவிடுவது.

ஆப்பிள் 2 ஓடிய ஓட்டத்தில், அலுவலகங்களைக் குறிவைத்து அடுத்த மெஷின் தயாரானது. ஆப்பிள் 3. 1980 மே மாதம், அனஹைம் நகரில் நடந்த கம்ப்யூட்டர் மாநாட்டில் தடபுடலாக அறிமுகம். விலை 4,340 டாலரில் ஆரம்பித்து 7,800 வரை.

இந்தத் தடவையும் ஜாப்ஸின் உத்தரவு அதேதான். விசிறி வேண்டாம். காற்று போக ஓட்டைகளும் வேண்டாம். பெட்டி எந்த அளவில், எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதும் முதலிலேயே முடிவாகிவிட்டது. அதற்குள் எஞ்சினியர்கள் எதையாவது செய்து அடைத்துக்கொள்ள வேண்டியது. மாப்பிள்ளையைப் பார்க்காமல் சட்டை தைத்த கதை.

சூட்டை வெளியேற்ற அடிப்பாகத்தைக் கனமான அலுமினியத்தில் வார்த்தார்கள். போதவில்லை. நெருக்கிப் பிடித்து வைத்த போர்டில் சூடேறச் சூடேற, சில்லுகள் தங்கள் இருக்கையிலிருந்து மெல்ல எழுந்துகொள்ள ஆரம்பித்தன. நிஜமாகவே! சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, மறுபடி விரிந்து, சாக்கெட்டிலிருந்து நழுவின. திரையில் கன்னாபின்னாவென்று எழுத்துகள். மெஷின் மௌனம்.

அலறிய வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்ட வைத்தியம், கம்ப்யூட்டர் சரித்திரத்திலேயே மிகவும் புகழ்பெற்றது. மெஷினைச் சில அங்குலம் தூக்குங்கள். தொப்பென்று மேஜைமேல் போடுங்கள்.

போட்டால் சில்லுகள் மறுபடி தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐந்தாயிரம் டாலர் மெஷினுக்கு, பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோவைத் தலையில் தட்டுகிற வைத்தியம்!

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியை வடிவமைத்த ஜெர்ரி மேனாக், சூட்டின் மேல் பழி போடாதீர்கள் என்று வாதாடினார். போர்டில் மின்கோடுகள் அளவுக்கு மீறி நெருக்கமாக இருந்தன, ஈயம் பற்றவைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அதுதான் முக்கியக் காரணம் என்பது அவர் கட்சி. இருக்கலாம். ஒரு வியாதிக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் விற்ற மெஷின்களில் முதல் 14,000-ஐ ஆப்பிள் மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. பிற்பாடு சரிசெய்து விட்டபோதும் போன பெயர் திரும்பவில்லை. 1984-ல் ஆப்பிள் 3-ஐ மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

ஆப்பிள் 2-விலும் விசிறி இல்லை. ஆப்பிள் 3-லும் விசிறி இல்லை. ஒன்று ஓடியது, இன்னொன்று கவிழ்ந்தது. வித்தியாசம் எங்கே? முதலாவதில் விசிறியின் தேவையை ஒழித்தார்கள். இரண்டாவதில் விசிறியை மட்டும் ஒழித்தார்கள்.

*

சரி, ஜாப்ஸ் திருந்தினாரா? ம்ஹூம்.

1984 ஜனவரியில் மேகின்டாஷ் வந்தது. அதிலும் விசிறி கிடையாது. மேல் பக்கத்தில் கோடு கோடாக ஓட்டைகள். சூடான காற்று மேலே எழும்பிப் போய்விடும், கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும் என்கிற நம்பிக்கை. அடுப்படிப் புகைபோக்கித் தத்துவம். பவர் சப்ளையும் திரையும் ஒரே பெட்டிக்குள் வெந்ததில், செல்லமாக ஒரு பட்டப்பெயரே வந்துவிட்டது. பழுப்பு டோஸ்டர்!

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கென்ஸிங்டன் என்கிற கம்பெனி, ஸிஸ்டம் சேவர் என்ற பெயரில் வெளியிலிருந்து மாட்டுகிற விசிறியை விற்றது. முதலில் அது ஆப்பிள் 2-வுக்காக வந்தது. ஆமாம், அந்த மௌன சாமியாருக்கேதான்! உள்ளே கார்டு மேல் கார்டாகச் சொருகியதில் அதுவும் சூடாக ஆரம்பித்திருந்தது. மேகின்டாஷுக்கும் விற்றார்கள். இன்னும் சிக்கனமான ஆசாமிகளுக்கு மேக் சிம்னி என்று ஒன்று கிடைத்தது. அட்டைப் புகைபோக்கி. மெஷினின் தலைமேல் குல்லா மாதிரி கவிழ்க்க வேண்டும். உலகத்தின் மிக அழகான கம்ப்யூட்டருக்கு அட்டைக் குல்லா. ஜாப்ஸ் பார்த்திருந்தால் மயக்கமடைந்திருப்பார்.

1985 செப்டம்பரில் ஜாப்ஸ் ஆப்பிளைவிட்டு வெளியேறினார். 1987 மார்ச்சில் மேகின்டாஷ் எஸ்.இ. வந்தது. உள்ளே விசிறி!

இதற்கிடையில் எதிர் முகாமில் இந்த ஜென் விவகாரமெல்லாம் யாருக்கும் இல்லை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யைக் கொண்டுவந்தபோது, வலது பின் மூலையில் 63.5 வாட்ஸ் பவர் சப்ளை வைத்தார்கள். அதற்குள்ளேயே ஒரு விசிறியும். முடிந்தது கதை. பெட்டி சூடாகும், விசிறி சுற்றும், சத்தம் வரும். ஆபீஸில் டைப்ரைட்டர் சத்தத்தோடு இதுவும் ஒன்று. உலகம் முழுக்க ஐ.பி.எம். மாதிரியைப் பார்த்துப் பெட்டி செய்ய ஆரம்பிக்க, அந்த விசிறியும் பெட்டிக்குப் பெட்டி பரவியது. என் மேஜைக்கு அடியில் உறுமியது அதனுடைய கொள்ளுப்பேரன்தான்.

அப்புறம் பந்தயம். 1983-ல் எக்ஸ்.டி.க்கு 130 வாட்ஸ். 1984-ல் ஏ.டி.க்கு 192 வாட்ஸ். 1993-ல் வந்த பென்டியம் சில்லு மட்டும் சுமார் 15 வாட்ஸ் கேட்டது. 2004-ல் பென்டியம் 4 ரகங்களில் சில 115 வாட்ஸைத் தொட்டன. விரல் நகத்தளவு சிலிக்கானில் நூறு வாட்ஸ் பல்பை எரிக்கிற சூடு! சில்லுக்கு ஒரு விசிறி, கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, பவர் சப்ளைக்கு ஒன்று.

ஜாப்ஸ் திரும்பி வந்த பிறகான ஆப்பிளும் தப்பவில்லை. 2000-ல் ஜி4 க்யூப் என்று விசிறியே இல்லாத ஒரு கண்ணாடிப் பெட்டி போன்ற மெஷினைக் கொண்டுவந்தார். அழகென்றால் அழகு, நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பெற்ற அழகு. பவர் சப்ளையைத் தனி டப்பாவாக்கி வெளியே தள்ளிவிட்டிருந்தார்கள். ஆனால் விலை ஜாஸ்தி. ஒரே வருஷத்தில் உற்பத்தி நின்றது. 2002 ஆகஸ்டில் வந்த இன்னொரு பவர் மேக் ஜி4-க்கோ, வாங்கியவர்கள் வைத்த பெயர் 'காற்றுச் சுரங்கம்'. விமான ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்குமே, அது. அடுத்த வருஷம் ஆப்பிள் 19.95 டாலர் அனுப்புசெலவு மட்டும் வாங்கிக்கொண்டு, சத்தம் குறைந்த பவர் சப்ளையையும் விசிறியையும் மாற்றிக்கொள்ள அனுப்பி வைத்தது.

யோசித்துப் பாருங்கள். விசிறிச் சத்தம் ஆகாது என்று பவர் சப்ளைக்கு ஆள் தேடி அலைந்தவர் நடத்திய கம்பெனி. இருபத்தேழு வருஷம் கழித்து, விசிறிச் சத்தம் தாங்கவில்லை என்று பவர் சப்ளையை மாற்றிக் கொடுத்தது.

*

திருப்பம் எங்கே வந்தது தெரியுமா? மௌனத்தைத் தேடியவர்களிடமிருந்து இல்லை. கரண்ட் பில்லிலிருந்து.

அன்றைய சராசரிக் கம்ப்யூட்டர் பவர் சப்ளை, ஹோல்ட் போன அதே ஸ்விட்ச்டு மோட் வழிதான் என்றாலும், மலிவாகச் செய்கிற அவசரத்தில் வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கை வீணாக்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் மின்சார நிறுவனங்கள் இதைக் கவனித்தன. 2004-ல், ஈகோஸ் கன்சல்டிங் என்கிற அமைப்பின் மூலம் 80 பிளஸ் என்றொரு திட்டம் பிறந்தது. விஷயம் எளிமை. லோடு ஐந்தில் ஒரு பங்காக இருந்தாலும், பாதியாக இருந்தாலும், முழுசாக இருந்தாலும், வாங்கிய மின்சாரத்தில் குறைந்தது 80 சதவிகிதத்தை உருப்படியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் முத்திரை. பிற்பாடு பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்று நகைக்கடை மாதிரி தரம் பிரித்தார்கள். டைட்டானியம் என்றால் பாதி லோடில் 94 சதவிகிதமாவது தேற வேண்டும்.

இதைப் பேரேட்டுக் கணக்காகப் பார்த்தால்தான் அருமை தெரியும். உங்கள் கம்ப்யூட்டருக்கு 60 வாட்ஸ் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பா 60 சதவிகித ரகம் என்றால், சுவரிலிருந்து 100 வாட்ஸ் வாங்கும். 40 வாட்ஸ் சூடு. ஒரு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பைத் தகர டப்பாவுக்குள் போட்டு மூடி எரிப்பதற்குச் சமம். விசிறி இல்லாவிட்டால் மெக்கானிக் சொன்ன மாதிரி வெந்தே போகும். அதுவே 90 சதவிகித ரகம் என்றால்? வாங்குவது 67 வாட்ஸ். சூடு வெறும் 7. இதை ஆற்ற எதற்கு விசிறி? தினம் பத்து மணி நேரம் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 120 யூனிட் மிச்சம் என்பது போனஸ்.

பார்த்தீர்களா? யாரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. வீணடிப்பதைக் குறைக்கச் சொன்னார்கள். சத்தம் தானாக அடங்கியது. விசிறியின் உறுமல் என்பது உண்மையில் நஷ்டக் கணக்கின் குரல். நஷ்டம் இருக்கும்வரை அதை வாயைப் பொத்தி அடக்க முடியாது. ஆப்பிள் 3 சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்.

2004-லேயே ஆன்டெக் நிறுவனம் ஃபேன்டம் என்ற பெயரில், உடம்பெல்லாம் அலுமினிய மடிப்புகளோடு, விசிறியில்லாத 350 வாட்ஸ் பவர் சப்ளையை விற்றது. பின்னாளில் தைவானின் ஸீஸானிக் டைட்டானியம் தரத்தில் விசிறியே இல்லாமல் 700 வாட்ஸ் வரைக்கும் போய்விட்டது. சில்லுகள் பக்கமும் ஞானோதயம். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லோடு கொண்டுவந்த மேக்புக் ஏரில் விசிறி இல்லை. சில்லு குறைவாகச் சாப்பிட்டது, ஆகவே குறைவாகச் சுட்டது. ஜாப்ஸ் உயிரோடு இல்லை. இருந்திருந்தால், நான் அப்போதே சொன்னேனே என்றிருப்பார்!

*

இப்போது நீங்கள் கடைக்குப் போகிறீர்கள். சத்தமில்லாத எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். எதைப் பார்ப்பீர்கள்?

முதலில் உங்கள் மெஷினின் பசி எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். எழுதுவது, படிப்பது, படம் பார்ப்பது என்றால் பெரும்பாலும் நூறு வாட்ஸுக்குள் அடங்கிவிடும். விளையாட்டுப் பிரியர்கள் கதை வேறு. 2022-ல் வந்த உச்ச ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று தனியாகவே 450 வாட்ஸ் கேட்கிறது. அந்தச் சூட்டுக்கு நடுவே விசிறி இல்லாத டப்பாவை வைப்பது, ஆப்பிள் 3-ஐத் திரும்பவும் கண்டுபிடிப்பதற்குச் சமம்.

அடுத்து 80 பிளஸ் முத்திரை. கோல்டு அல்லது அதற்கு மேல். பெட்டிமேல் பெரிதாக அச்சடித்த வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். 450 என்று போட்டிருந்த டப்பா, தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. அதன் விசிறி முதல் நாளே மாவு அரைக்க ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது, முழுக்க விசிறியில்லாததா, அல்லது அடக்கமான விசிறியா? இங்கே நம் ஊர் வெயிலை மறக்கக்கூடாது. மே மாதம் அறையிலேயே 38 டிகிரி. விசிறியில்லாத டப்பா, தன்னைச் சுற்றியிருக்கிற காற்றை நம்பித்தான் வாழ்கிறது. உள்ளே இருக்கும் கெபாஸிட்டர்களுக்கு ஒரு பொதுவிதி உண்டு. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. தவிர, பழைய பவர் சப்ளையின் விசிறி, போகிற போக்கில் பெட்டிக்குள் இருக்கும் மற்ற சூட்டையும் இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் அந்த வேலையை யார் பார்ப்பது? காற்றோட்டமான பெட்டி, டப்பாவின் ஓட்டைகள் மேல்நோக்கி இருக்கிற மாதிரி பொருத்துவது, இவை இருந்தால் மட்டும் முழு மௌனத்துக்கு ஆசைப்படலாம்.

இல்லாவிட்டால் நடுவழி இருக்கிறது. 120 மில்லிமீட்டர் அல்லது அதைவிடப் பெரிய விசிறி வைத்தது. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும், பழைய 80 மில்லிமீட்டர் விசிறி தலைதெறிக்க ஓடித் தள்ளிய காற்றைத் தள்ளிவிடும். வேகம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் விழும். இன்னும் சில ரகங்களில், லோடு குறைவாக இருக்கும்போது விசிறி சுற்றவே சுற்றாது. சூடு ஏறினால் மட்டும் எழுந்து வேலை பார்க்கும். தேவையைவிட ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு வாட்ஸில் வாங்கினால் அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சத்தம் வருகிறதே என்று பழைய டப்பாவைத் திறந்து விசிறிக்கு எண்ணெய் விடுகிற வேலை வேண்டாம். நம் ஊர் 230 வோல்ட்டில், உள்ளே இருக்கும் பெரிய கெபாஸிட்டர் 300 வோல்ட்டுக்கு மேலேயே தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரத்துக்கு உதை காத்திருக்கிறது.

நான் அந்தக் கடைசி ரகத்தைத்தான் வாங்கினேன். கோல்டு முத்திரை. வேண்டும்போது மட்டும் சுற்றுகிற பெரிய விசிறி. அதே மெக்கானிக்தான் வந்து மாட்டினார். கம்ப்யூட்டரை ஆன் செய்தோம். திரை வந்தது. மேஜைக்கு அடியில் ஒரு சத்தமில்லை. நீண்ட நாள் கழித்துச் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது. நான் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் குனிந்து பின்பக்கம் பார்த்தார். நிமிர்ந்தார். முகமெல்லாம் கவலை.

"சார், ஃபேன் சுத்தலை. பீஸ் டிஃபெக்ட் போலருக்கு. மாத்திடலாமா?"